ஏற்றத்தில் தட்டவில்லை

லாரி தானாகவே ஓடித்தான் பட்டறைக்கு வந்தது. கட்டி இழுத்து வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே புத்தி வந்திருக்கும்.

ஆறு சிலிண்டர் டீசல் வண்டி. தாழையூத்தில் சிமெண்ட் ஏற்றி, தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரை ஏறி கேரளாவுக்குப் போகும். நான்கு மாதத்துக்கு முன் அதன் இன்ஜினை இறக்கி வேலை பார்த்ததும் நான்தான். டிரைவர் தம்பி இறங்கியதுமே சொன்னான்: “அண்ணாச்சி, நின்னா தட்டுது. ஏத்தத்துல சத்தமே இல்ல. இழுவையும் கொறையல.”

விஷயம் மொத்தமும் அதிலேயே இருந்தது. பேரிங் போன இன்ஜின் பாரம் இழுக்கும்போதுதான் கூடுதலாகத் தட்டும், இது தலைகீழ். ஆனால் ‘தட்டுது’ என்ற சொல் காதில் விழுந்ததுமே என் புத்தி பிக் எண்ட் பேரிங்கில் போய் உட்கார்ந்துகொண்டது. பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு கிராங்க்; பிஸ்டன் ராடு அதைப் பிடிக்கிற இடத்தில் இருப்பது இந்தப் பேரிங். போதாததற்கு ஆயில் பிரஷரும் கொஞ்சம் இறங்கியிருந்தது. சரி, பேரிங்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சிலிண்டருக்கு டீசல் போகும் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். பேரிங் போன சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினால் தட்டல் அமுங்க வேண்டும். எதிலும் அமுங்கவில்லை. அப்போதாவது நின்று யோசித்திருக்கலாம். ஆயில் சேம்பரைக் கழற்றினேன். ஆயிலில் பொடி மினுமினுப்பு இல்லை. ராடு கேப்புகளைத் திறந்தால், உள்ளே பிக் எண்ட் பேரிங்குகள் நான் மாட்டிய அன்றைக்கு இருந்தது போலவே இருந்தன. அப்புறம் கிராங்கின் பின்முனையில் மாட்டியிருக்கும் கனத்த சக்கரம், ஃபிளைவீல், அதன் போல்ட் லூஸ் என்று சந்தேகப்பட்டு கியர்பாக்ஸையும் கிளட்சையும் இறக்கினோம். போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன. ஒரு நாள் போயே போச்சு.

பட்டறைப் பையன் கம்பியால் ஃபிளைவீல் பல்லை நெம்பி முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தான். நான் முன்பக்கம், கிராங்கின் முன்முனையில் இருக்கும் புல்லியில் கைவைத்து நின்றேன். அங்கே ஃபிளைவீல் விளிம்பு இரண்டு விரல்கடை நகர்கிறது. இங்கே புல்லி அசையவில்லை. அதற்கப்புறம்தான் டொக்கென்று கூட வருகிறது. கீழே படுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் கிராங்கில் ஆறாவது பின்னுக்கும் (ராடு மாட்டும் உருளை) கடைசி மெயினுக்கும் (பிளாக்கில் உட்காரும் உருளை) நடுவிலுள்ள சுவரைத் துடைத்தேன். மயிரிழை மாதிரி ஒரு கோடு, குறுக்குச் சாய்வாக.

கிராங்க் இரண்டு துண்டு. பின்னே எப்படி ஓடியது? ஆறு பிஸ்டனும் டைமிங் கியரும் முன்துண்டோடு இருந்தன. ஃபிளைவீல் மட்டும்தான் பின்துண்டில். முறிவு சாய்வாக இருந்ததால் ஒரு துண்டு மற்றதைப் பல்லால் கவ்வித் தள்ளுவது போலத் தள்ளியது. இரண்டையும் மெயின் பேரிங்குகள் விலகவிடாமல் பிடித்துக்கொண்டன. ஏற்றத்தில் ஒரே பக்கமாக அழுத்தம் இருக்கும், இடைவெளி மூடிக்கொள்ளும். ஐட்லிங்கில்தான் முன்னும் பின்னும் இடிக்கும். ஆயில் பிரஷர் இறங்கியதும் இதனால்தான். உள்ளே ஓடும் ஆயில் துளையையும் விரிசல் அறுத்திருந்தது.

கிராங்கை இறக்கி, துண்டுகளைப் பிரித்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பெரும்பகுதி கறுத்து வழவழப்பாக, தாமிரபரணியில் தண்ணீர் வற்றும்போது மணல்திட்டு ஓரத்தில் விழுமே, அது மாதிரி வரிவரியாக இருந்தது. கடைசி ஒரு கை அகலம்கூட இல்லை, அது மட்டும் உடைத்த உப்புக்கல் போலச் சொரசொரவென்று மினுங்கியது. அங்கேதான் ஒரேயடியாக முறிந்திருக்கிறது. மற்றதெல்லாம் நாள்பட வளர்ந்த விரிசல். அந்த வரிகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், பின்னின் மூலையில் ஒரே புள்ளியில் போய் முடிந்தது.

பின் முடிந்து சுவர் எழும்பும் அந்த மூலையில் சின்ன வளைவு இருக்க வேண்டும். ரேடியஸ் என்போம். அரைக்கிற கல்லின் ஓரத்தை வட்டமாகச் சீவாமல் அரைத்தால் மூலை கத்திவெட்டாகிவிடும். விரிசல் அங்கேதான் பிறக்கும். நான்கு மாதத்துக்கு முன் இந்தக் கிராங்கை 0.50 மி.மீ. குறைத்து கிரைண்டிங் செய்து வந்தபோது ஏழு மெயினையும் ஆறு பின்னையும் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தவன் நான். அளவு அச்சாக இருந்தது. மூலையில் நகத்தை ஓட்டிப் பார்க்கவில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் நகத்தைத்தான் முதலில் ஓட்டுவார்.

கிரைண்டிங் கடைக்காரர், “அளவு சரியாத்தான தந்தோம் அண்ணாச்சி” என்றார். பொய்யில்லை. வண்டிக்காரர் கேட்டது வேறு: “வெல்டு வச்சு ஓட்ட முடியாதா?” முடியாது. சூட்டில் வளையும், மேல்பரப்பின் கடினமும் போய்விடும். புது கிராங்குக்கு அவர் பணம் கொடுத்தார், பேரிங்குகள் என் கணக்கு, கூலி வாங்கவில்லை.

ஒரு ஓரமாக உரசியிருந்த ஏழாவது மெயின் பேரிங்கைக் கழற்றிவிட்டு, பிளாக்கில் துளைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தோம். தப்பித்திருந்தது. புதுசை வைத்து, ஒவ்வொரு கேப்பாக முறுக்கி, முறுக்கும்போதெல்லாம் கையால் சுற்றிப் பார்த்தேன். எங்கும் பிடிக்கவில்லை. மாட்டுவதற்கு முன்பே பதின்மூன்று இடத்திலும், இரண்டு பக்க மூலையிலும், நகத்தை ஓட்டியாகிவிட்டது. பையன் சிரித்தான்.

முதல் லோடுக்கு நானும் கேபினில் ஏறிக்கொண்டேன். “புளியரை வரைக்கும் வாரீயளா?” என்றான் டிரைவர். ஆலங்குளத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது இன்ஜினை அணைக்கவிடாமல், ஐட்லிங்கில் கால் மணி நேரம் காதைக் கொடுத்து நின்றேன். அப்புறம் திருநெல்வேலி பஸ் பிடித்தேன்.