டப்பிங் குரலும் ஊர்ச் சத்தமும்

தமிழ்ப் படங்களில் பின்னணி இசை ஒரு நிமிடம்கூட ஓய்வதில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் விமர்சனங்களை வாரந்தோறும் படிக்கிறோம். பழி வழக்கமாக இசையமைப்பாளர் மீது விழுகிறது, அல்லது பார்வையாளனுக்கு எதையும் ஊட்டித்தான் ஆகவேண்டும் என்று நினைக்கும் இயக்குநர் மீது விழுகிறது. படத்தைப் பார்ப்பதற்கு இணையாகக் கேட்கவும் பழகிவிட்ட ரசிகன் என்ற முறையில் எனக்கு வேறொரு சந்தேகம் நெடுநாளாக உண்டு. அந்த இசையில் கணிசமான பகுதி, படப்பிடிப்பின்போது பதிவாகாமல் போன ஒலியின் இடத்தை அடைப்பதற்காகவே வாசிக்கப்படுகிறது என்று நினைக்கிறேன். நம் படங்களின் பேச்சு பெரும்பாலும் டப்பிங் தியேட்டரில் பதிவாவதற்கும், நம் படங்களால் சும்மா இருக்க முடியாததற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

கணவனும் மனைவியும் சண்டைக்குப் பிறகு பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். உண்மையான வீட்டில் அந்த மௌனத்துக்குள் மின்விசிறியின் கறகறப்பும், பக்கத்து வீட்டுக் குக்கரின் விசிலும், தெருமுனையில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தமும் இருக்கும். ஒலிப்பதிவாளர்கள் ரூம் டோன் என்று சொல்லும் அந்த அடியொலிதான், எவரும் வாய் திறக்காதபோதும் அறையை அறையாக வைத்திருக்கிறது. டப்பிங் தியேட்டரின் சுவர்களோ எதிரொலியை விழுங்குவதற்காகவே பஞ்சும் துணியும் போர்த்தப்பட்டவை. அங்கே பதிவான இரண்டு வசனங்களுக்கு நடுவே எதுவுமே இருக்காது. அந்த இடைவெளியை அப்படியே விட்டால், திரையரங்கில் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். எனவே எஃபெக்ட்ஸ் பிரிவினர் மின்விசிறியையும் குக்கரையும் சேமிப்பிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். நேரமும் பணமும் இருந்தால் அது நன்றாகவே அமையும். வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்டால், வயலின்களை வரவழைத்து மூடிவிடுவதே எளிது. கிராமத்து இரவென்றால் சில்வண்டும் தொலைவில் குரைக்கும் ஒரு நாயும் போதும் என்பது எழுதப்படாத சட்டம். மாவட்டம் மாறினாலும் நாய் மாறுவதில்லை. பல படங்களில் கேட்டுக் கேட்டு அந்த நாயை எனக்கு அடையாளம் தெரியும் என்றே சொல்லலாம்.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. 1931-இல் ‘காளிதாஸ்’ வந்ததை அடுத்த சில ஆண்டுகளில், நடிகர்களே கேமராவின் முன் பேசவும் பாடவும் வேண்டியிருந்தது. வாத்தியக்காரர்கள் சட்டகத்தில் விழாத மூலையில் உட்கார்ந்து வாசித்தார்கள். 1938-இல் வெளியான ‘நந்தகுமார்’ மூலம் ஏவி. மெய்யப்பன் பின்னணிப் பாடலைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது முகமும் பாட்டுக்குரலும் பிரிந்தன என்றாலும், பேச்சு அதன்பிறகும் பல காலம் தளத்திலேயே பதிவானது. கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் நான்கு சுவருக்குள் படம் எடுத்த காலம் அது. கேமராவின் சத்தம் வெளியே வராதபடி உறையிட்டு மூடலாம். வாசலில் சிவப்பு விளக்கை எரியவிட்டு வெளியுலகத்தை நிறுத்திவைக்கலாம். வசனத்துக்காகவே மக்கள் படம் பார்த்த அந்த ஆண்டுகளில், நடிகர் தன் மூச்சை எங்கே இழுத்தார், எங்கே விட்டார் என்பதெல்லாம் நடிப்போடு சேர்ந்தே பதிவாயிற்று.

எழுபதுகளில் படம் தெருவுக்கும் வயலுக்கும் இறங்கியபோதுதான் இந்த ஏற்பாடு குலைந்தது. தோளில் தூக்கிக்கொண்டு ஓடத் தோதான ஆரிஃப்ளெக்ஸ் 2சி கேமரா, தையல் எந்திரம் ஓடுவதைப்போலக் கடகடவென்று சத்தம் போடும். அதன் பக்கத்தில் மைக்கை நீட்டினால் வசனத்தைவிடக் கேமராவே அதிகம் பேசும். ஆகவே தளத்தில் பதிவாகும் ஒலியைப் பைலட் டிராக் என்ற பெயரில் வெறும் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, பேச்சு முழுவதையும் பிறகு சென்னையில் பதிவு செய்துகொள்ளும் முறை நிலைத்தது. இதை இழப்பு என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. 1977-இல் வந்த ‘16 வயதினிலே’ தமிழ்க் கிராமத்தை ஸ்டுடியோவிலிருந்து விடுவித்த படம் என்று கொண்டாடப்படுகிறது. அதன் படப்பிடிப்பு நடந்ததோ கர்நாடகத்தின் மைசூர், கொள்ளேகால் பகுதிகளில். தளத்து ஒலியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால், மயிலின் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டு போயிருப்பார்கள்.

டப்பிங் கொடுத்த கொடைகளில் பெரியது குரல் கலைஞர்கள். எண்பதுகளில் மோகன் நடித்த பெரும்பாலான படங்களில் அவருக்காகப் பேசியவர் எஸ்.என்.சுரேந்தர், பாடியவர் பெரும்பாலும் எஸ்.பி.பாலசுப்ரமணியம். மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்கும் ஒரே இளைஞனுக்கு முகம் ஒருவருடையது, பேச்சு இன்னொருவருடையது, பாட்டு மூன்றாமவருடையது. இருந்தும் அந்த மூவரையும் ஒரே ஆளாகத்தான் ஒரு தலைமுறை காதலித்தது. ‘பம்பாய்’ படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கு ரோகிணி கொடுத்த குரலையும், ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் திரிஷாவுக்குச் சின்மயி கொடுத்த குரலையும் கழித்துவிட்டு அந்தப் பாத்திரங்களை நினைத்துப் பார்க்க முடியவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து ‘96’-இல் திரிஷாவுக்கு மீண்டும் சின்மயியே பேசியபோது, முகத்தைப் போலவே அந்தக் குரலும் நமக்கு முன்பே அறிமுகமானதாக இருந்தது. அந்தப் படத்தின் நினைவேக்கத்தில் பாதியை அதுவே சுமந்தது என்பது என் கருத்து.

எடிட்டிங் முடிந்த பிறகும் படத்தைத் திருத்திக்கொள்ள டப்பிங் வழிவிடுகிறது. கதையில் ஓட்டை இருப்பது தெரிந்தால், நாயகன் முதுகைக் காட்டி நடந்துபோகும் ஷாட்டைத் தேடிப்பிடித்து அதன்மேல் ஒரு விளக்க வசனத்தைப் போட்டுவிடலாம். தணிக்கைக் குழு ஆட்சேபித்த சொல்லுக்குப் பதிலாக, உதடு அசைவுக்குப் பொருந்தும் வேறு சொல்லை உட்காரவைக்கலாம். நகைச்சுவை நடிகர்கள் மைக் முன் நின்றபடி சேர்க்கும் முணுமுணுப்புகள் சில வேளைகளில் எழுதிய வசனத்தைவிட நன்றாக அமைந்துவிடுகின்றன. முகம் திரும்பியிருக்கும்போது ஒரு பாத்திரம் அளவுக்கு மீறிப் பேசுகிறது என்றால், படத்தொகுப்பு அறையில் ஏதோ கவலை இருந்திருக்கிறது என்று நான் முடிவு கட்டிவிடுவேன்.

இத்தனை வசதிகளுக்கும் நடிகர் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. வெயிலில் மேட்டில் ஏறி வந்து நின்று மூச்சிரைக்கப் பேசிய வசனத்தை, மாதங்கள் கழித்துக் குளிரூட்டிய அறையில், செருப்பைக் கழற்றிவிட்டு, தாளைப் பார்த்து அவர் மறுபடி பேசவேண்டும். உதட்டசைவு சரியாக விழுந்துவிடும். மூச்சும் செயற்கையாகச் சேர்க்கப்பட்டுவிடும். ஆனால் கழுத்து நரம்பு புடைத்து நிற்பதும் குரல் வெளிவரும் விதமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதைக் காது எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறது. அழுகைக் காட்சிகளில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். மூக்கடைத்துப் போன முகத்திலிருந்து தெளிவான உச்சரிப்பு வருவதை எத்தனை படங்களில் கேட்டிருக்கிறோம்!

பேச்சைத் தளத்திலேயே பதிவு செய்து அப்படியே வைத்துக்கொள்ளும் நேரடி ஒலிப்பதிவு முயற்சிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் டால்பி ஒலியமைப்போடு வந்த முதல் படமாகச் சொல்லப்படும் ‘குருதிப்புனல்’ 1995-இல் வந்தது. அதைத் தயாரித்து நடித்த கமல்ஹாசன் ‘ஹே ராம்’, ‘விருமாண்டி’ படங்களைத் தளத்து ஒலியோடு எடுத்தார். ‘விருமாண்டி’யில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் குறுக்கே விழுவதும், பின்னால் நிற்கும் யாரோ ஒருவர் தன் பங்குக்கு ஏதோ சொல்வதுமாக, பேச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே இருக்கும். டப்பிங் மைக்கின் முன் ஒவ்வொருவராக வந்து பேசிவிட்டுப் போகும் முறையில் இந்தக் கூச்சலைக் கட்டியெழுப்புவது எளிதன்று.

அண்மைக் காலத்தில் இதன் எல்லை வரை போனது, பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கி 2024-இல் வெளிவந்த ‘கொட்டுக்காளி’. நேரடி ஒலியில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் பின்னணி இசை அறவே கிடையாது. வேறு சாதி இளைஞனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பும் குடும்பம், அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடியிடம் போகிறது; முன்னும் பின்னும் ஆண்களின் பைக்குகள். கதை இவ்வளவுதான். மீனா ஏறத்தாழப் படம் முழுவதும் பேசுவதில்லை. அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் பாண்டியாக வரும் சூரி, தொண்டை கட்டிப்போய், கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் சீறுகிறார். பேச மறுக்கும் ஒருத்தியையும், பேச முயன்றும் குரல் எழும்பாத ஒருவனையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, நடுவில் ஆட்டோவின் இரைச்சலை ஓடவிட்டிருக்கிறார்கள். வழியில் ஒரு சடங்கு ஊர்வலத்தின் ஒலிபெருக்கியிலிருந்து வரும் பாட்டை மீனா மெல்ல முணுமுணுக்கிறாள். அந்தச் சின்ன ஓசை பாண்டிக்குள் கிளப்பும் வெறியில் அவளும் குறுக்கே வந்தவர்களும் அடிவாங்குகிறார்கள். ஏற்கெனவே இசை ஒலித்துக்கொண்டிருந்த படமாக இருந்தால், அந்த முணுமுணுப்பு நம் காதில் ஏறியே இருக்காது. இசையை நீக்கியது அங்கே அழகுக்காகச் செய்த காரியமன்று. திரைக்கதை அந்த ஒரு ஓசையை நம்பி நிற்கிறது. இசை இல்லாததால் படம் ஆவணப்படம் போல இருக்கிறது என்று குறைபட்டவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆட்டோவின் இரைச்சல் எப்போது நிற்கிறது, எப்போது கூடுகிறது என்பது எந்தப் பின்னணி இசைக்கும் குறையாத கவனத்தோடு வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படி எடுப்பதற்குப் படப்பிடிப்புத் தளத்தின் பழக்கங்கள் முழுவதும் மாறியாக வேண்டும். நம் தளங்களில் டேக் போய்க்கொண்டிருக்கும்போதே ‘கொஞ்சம் வலது பக்கம் பாரும்மா’ என்று இயக்குநர் குரல் கொடுப்பது சாதாரணம். தமிழ் தெரியாத நடிகைக்கு உதவி இயக்குநர் கேமராவின் பக்கத்தில் நின்று வசனத்தை அடியெடுத்துக் கொடுப்பார்; பிராம்ப்டிங் என்று அழைக்கப்படும் இந்த வேலையில் தேர்ந்தவர்களுக்குத் தனி மதிப்பே உண்டு. நேரடி ஒலி என்றால் இவை இரண்டும் நின்றுவிடும். நடிகர் வசனத்தை மனப்பாடம் செய்திருக்க வேண்டும், ஜெனரேட்டரைத் தொலைவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், நீண்ட கோலில் மைக்கைக் கட்டி நீட்டும் பூம் பிடிப்பவரின் நிழல் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும், விமானம் கடந்து போகும் வரை நூறு பேர் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு நிற்கும் பெரிய நாயகனின் படத்தில் இதை எதிர்பார்ப்பது வீண். உள்ளூர் முகங்களை வைத்துக் குறைந்த ஆட்களோடு எடுக்கப்படும் சிறிய படங்களுக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. அந்த முகங்களின் பேச்சு வழக்கை டப்பிங் தியேட்டரில் வேறு ஒருவரைக் கொண்டு திரும்ப வரவழைக்கவும் முடியாது.

டப்பிங்கை முழு ஈடுபாட்டோடு செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, 2022-இல் அறிவிக்கப்பட்ட 68-ஆவது தேசிய திரைப்பட விருதுகளில் ஒரு வேடிக்கையான சான்று கிடைத்தது. நேரடி ஒலியில் எடுத்த படங்களுக்கு மட்டுமே உரிய, படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவுக்கான விருது ஒரு கன்னடப் படத்துக்குத் தரப்பட்டது. படம் டப்பிங் செய்யப்பட்டது என்று அதன் ஒலி வடிவமைப்பாளரே பொதுவெளியில் சொல்ல, இன்னொரு ஒலி வடிவமைப்பாளரான ரசூல் பூக்குட்டியும் அதைச் சுட்டிக்காட்ட, சில நாட்கள் பரபரப்பாக இருந்தது. நடுவர் குழுவின் காதுகளைப் பலரும் கேலி செய்தார்கள். எனக்கென்னவோ அந்தப் படத்துக்கு டப்பிங் பேசியவர்களும், காலடிச் சத்தம் முதற்கொண்டு எஃபெக்ட்ஸ் செய்தவர்களும் அன்று இரவு தங்களுக்குள் சிரித்துக் கொண்டாடியிருப்பார்கள் என்று தோன்றியது. தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரல் கலைஞர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. தேசிய விருதுகளில் அப்படியொரு பிரிவு கிடையாது.