எல்லாருக்கும் ஒரு வாய்: பஃபலோ குவாட்டர்பேக் நாட்குறிப்பு, 2025

ஜூலை 8, செவ்வாய்

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுகிறேன்: இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது எப்போதாவதுதான். சென்டர் தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் அனுப்புவார்; அதுதான் ஸ்னாப். அதை வாங்கி, எதிராளிகள் மேலே வந்து விழுவதற்குள் யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். இந்தக் குறிப்புகள் பதினாறு வயதுக் குவாட்டர்பேக் ஒருவனின் பருவத்தைப் பற்றியவை. ஊர் நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரம், பஃபலோ பக்கம்.

முதல் வாரம் முழுக்கப் பிடிதான். பந்தின் எடை 14 முதல் 15 அவுன்ஸ், காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ. மோதிர விரலும் சுண்டு விரலும் லேஸ் மேல் இருக்கவேண்டும். ஆள்காட்டி விரல் பின்முனைப் பக்கம், தையலை ஒட்டி. உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். பயந்த பையன்கள் உள்ளங்கையோடு சேர்த்து அமுக்கிப் பிடிப்பார்கள். பந்து கோழி மாதிரி அடித்துக்கொண்டு போகும். கையைவிட்டுப் போகும்போது கடைசியாகத் தொடுவது ஆள்காட்டி விரல் நுனி. எறிந்து முடிந்ததும் கட்டைவிரல் தரையைப் பார்க்கவேண்டும். வானத்தைப் பார்த்தால் முழங்கையில் வலி தேடிவருகிறது என்று அர்த்தம்.

ஜூலை 15, செவ்வாய்

எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். பந்து அவர் தலைக்கு மேல் போனால் எல்லாரும் கையைத் திருத்த ஓடுகிறார்கள். தப்பு பெரும்பாலும் முன்காலில் இருக்கும். எடுத்துவைக்கிற எட்டு நீண்டுபோனால் எடை பின்காலிலேயே தங்கிவிடும், உடம்பு பின்னால் சாயும், பந்து மேலே ஏறும். முன்கால் தன் காலணி நீளத்துக்கு நகர்ந்தால் போதும். வலக்கைக்காரன் என்றால் அந்தக் காலின் நுனி இலக்குக்குச் சற்று இடப்பக்கம் திறந்திருக்கவேண்டும். குறுக்கே வைத்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும்; பிறகு கை மட்டும் தனியாக எறிந்துகொண்டிருக்கும். எல்லைக்கோட்டிலிருந்து ஸ்டம்புக்கு எறிகிற ஃபீல்டரைப் பாருங்கள். இடுப்பு திரும்பின பிறகுதான் தோள் வரும். அதே வரிசைதான் இங்கேயும்.

பயிற்சி: வலது முழங்காலை ஊன்றி 10 யார்டு தூரத்துக்கு 10 எறி. பிறகு நின்று, கால் நகராமல் 10. பிறகு ஓர் எட்டு வைத்து 20. தரையில் சாக்பீஸ் கோடு ஒன்று போட்டு, முன்கால் அதைத் தாண்டினால் அந்த எறி கணக்கில் சேராது. செல்போனைப் பக்கவாட்டில் வைத்து மெதுவேகத்தில் படம் எடுத்தால் ஐந்தே எறியில் குட்டு வெளிப்படும்.

இதற்கு வெளியூர் உதாரணம் தேடவேண்டாம். இந்த ஊர்த் தொழில்முறை அணியான பஃபலோ பில்ஸின் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன், 2018-ல் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் ஏழாவது ஆளாகத் தேர்வாகி வந்தபோது அவர் கையில் இருந்த பலம் எவருக்கும் இல்லை. ஆனால் அந்த வருடம் அவர் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. 2019-ல் 58.8. 2020-ல் 69.2. அதே கைதான்! பருவ இடைவெளிகளில் ஜார்டன் பால்மர் என்ற பயிற்சியாளரோடு கலிஃபோர்னியாவில் எறியும் முறையைப் பிரித்துப்போட்டுக் கட்டினார். இங்கே பிரையன் டேபோல் அவருக்கு ஏற்ற ஆட்டத்தை அமைத்தார். 2020-ல் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்து சேர்ந்து, அந்தப் பருவத்தில் 127 பந்து பிடித்தார், லீகிலேயே அதிகம். மூன்றில் எது முக்கியம் என்று டீக்கடை அளவுக்கு இங்கே சண்டை நடக்கும். மூன்றும் ஒரே வருடத்தில் கூடிவந்தது என்பதுதான் என் கட்சி.

ஜூலை 27, ஞாயிறு

இன்று ஸ்டாப்வாட்ச். ஷாட்கன் நிலையில் குவாட்டர்பேக் சென்டருக்கு 5 யார்டு பின்னால் நிற்கிறான்.

ஸ்லாண்ட்: ரிசீவர் மூன்று எட்டு நேராக ஓடி, மூன்றாவதில் காலை ஊன்றி உள்பக்கம் சாய்வாக வெட்டுவான். குவாட்டர்பேக் பந்தைப் பிடித்ததும் ஓர் எட்டு பின்னால், உடனே எறி. ஸ்னாப்பிலிருந்து பந்து கைவிட ஒன்றரை விநாடி. இரண்டு விநாடி ஆனால், எதிரணியில் நடுப்பகுதியைக் காக்கிற லைன்பேக்கர் அந்த வழியில் வந்து நின்றுவிடுவான்.

10 யார்டு அவுட்: இது வேறு ஜாதி. ரிசீவர் 10 யார்டு ஓடி வெளிக்கோட்டுப் பக்கம் திரும்புவான். அவன் தலை திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டிருக்கவேண்டும். திரும்பினதைப் பார்த்த பிறகு எறிகிறவன் அரை விநாடி தாமதம். அந்த அரை விநாடியில், ரிசீவரை மறிக்கிற கார்னர்பேக் பந்தைக் குறுக்கே பறித்துக்கொண்டு ஓடினால் முன்னால் தடுக்க ஆள் கிடையாது.

டிவியில் பார்த்துவிட்டு இந்த எறியைப் பையன்கள் எல்லாப் பக்கமும் முயற்சி செய்வதுதான் பெரிய தலைவலி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பந்தை எந்த எல்லைக்குள் வைக்கலாம் என்று காட்டுபவை ஹேஷ் கோடுகள். தொழில்முறை லீகான என்எஃப்எல் மைதானத்தில் அவை நடுவில் நெருங்கி இருக்கும். பள்ளி மைதானத்தில் அகலம் 53⅓ யார்டு, ஹேஷ் கோடுகள் அதை மூன்று சமபங்காகப் பிரிக்கின்றன. பந்து இடது ஹேஷில் இருந்தால் வலப்பக்கக் கோடு 35 யார்டுக்கு மேல் தள்ளி இருக்கிறது. அந்தப் பக்கம் 10 யார்டு அவுட் எறிந்தால் பந்து காற்றில் 36 யார்டு போகிறது, கிடைப்பதோ 10. குறுகிய பக்கம் என்றால் 23 யார்டில் வேலை முடிந்துவிடும். ஆகவே அகலப் பக்கம் அவுட் கிடையாது. அதற்குப் பதில் ரிசீவர் முகம் காட்டி நிற்கிற கர்ல். இந்த ஒரு விதி மட்டுமே ஒரு பருவத்தில் பல பந்துகளைக் காப்பாற்றும்.

எறி எண்ணிக்கை: இன்று 70. நாளை கைக்கு ஓய்வு. அடம்பிடித்தாலும் ஓய்வுதான்.

ஆகஸ்ட் 9, சனி

சென்டரும் குவாட்டர்பேக்கும் மற்றவர்கள் வருவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வந்து 50 ஸ்னாப். பந்து கீழே விழுந்தால் குற்றம் யாருடையது? சென்டரை ஒட்டி நின்று வாங்கும்போது விழுந்தால் பெரும்பாலும் குவாட்டர்பேக் அவசரத்தில் கையைப் பந்துக்கு முன்பே இழுத்துக்கொண்டான். ஷாட்கனில் தலைக்கு மேல் பறந்தால் சென்டர் இடுப்பைத் தூக்கிவிட்டான். இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மாலையில், குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று அவனைக் காக்கிற முன்வரிசைப் பையன்கள் ஐவரும் குவாட்டர்பேக் வீட்டில். முன்வரிசைக்குச் சோறு போடுவது குவாட்டர்பேக்கின் கடமை என்பது இந்த ஆட்டத்தின் பழைய மரியாதை. இந்த ஊரில் அது விங்ஸ்தான், காரச் சாஸில் புரட்டிய கோழி இறக்கை. 1964-ல் ஆங்கர் பாரில் தெரெஸா பெல்லிஸிமோ செய்தது என்பது ஊர் வரலாறு. பொரிக்கவேண்டாம், ஓவன் அடுப்பு போதும்.

ஆறு பேருக்கு 3 கிலோ கோழி இறக்கை, மூட்டில் வெட்டியது. காகிதத் துண்டால் ஈரம் போகத் துடைப்பதுதான் பாதி வேலை. 3 மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், 3 தேக்கரண்டி உப்பு போட்டுப் புரட்டி, கம்பித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கவேண்டும். 220 டிகிரி செல்சியஸில் 45 முதல் 50 நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பவேண்டும். பேக்கிங் சோடாவை மாற்றிப் போட்டால் சோப்பு மாதிரி கசக்கும். அப்புறம் ஒன்றும் செய்யமுடியாது. தட்டு நிறையக் குவித்தால் ஆவியில் வெந்து தோல் சவசவ என்று ஆகும், எனவே இரண்டு தட்டு.

சாஸ்: 170 கிராம் வெண்ணெயைச் சிறுதீயில் உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கப் மிளகாய் வினிகர் சாஸை ஊற்றிக் கலக்கவேண்டும். கொதிக்கவிட்டால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மிதக்கும். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் புரட்டவேண்டும். தொட்டுக்கொள்ள ப்ளூ சீஸ், செலரித் தண்டு. அதற்குப் பதில் ரான்ச் என்ற மோர்ச் சாஸ் கேட்கிறவனை இந்த ஊரில் வெளியூர்க்காரன் என்பார்கள்.

சாப்பாட்டு மேசையில் ஒரு வேலையும் நடந்தது. எதிரணியின் நடு லைன்பேக்கர் யார் என்று ஸ்னாப்புக்கு முன் யார் கைகாட்டுவது? சென்டர். அவன் காட்டியது தப்பென்று குவாட்டர்பேக்குக்குத் தெரிந்தால் மாற்றிச் சொல்லும் உரிமை அவனுக்கு. எலும்புகளை வரிசையாக அடுக்கிவைத்து நான்கு தற்காப்பு அமைப்புகளைப் பார்த்து முடித்தார்கள். கரும்பலகையில் ஒரு மணி நேரம் ஆகிற பாடம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆப்ஷன் ரூட். ரிசீவர் 6 யார்டு ஓடிவிட்டு, எதிரே இருப்பவனைப் பார்த்து முடிவெடுக்கிறான். ஆளைத் தொடர்ந்து வருகிறானா? அவன் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வெட்டி ஓடு. இடத்தைக் காக்கிறானா? இடைவெளியில் நில். இதே கேள்விக்குக் குவாட்டர்பேக்கும் அதே நொடியில் அதே பதிலைச் சொல்லியிருக்கவேண்டும். ஒருவன் ஓடி, இன்னொருவன் நிற்கிற இடத்துக்கு எறிந்தால், பந்து ஆளில்லாத இடத்தில் விழும்; பார்க்கிறவர்கள் ‘என்ன எறி இது’ என்பார்கள்.

சரிசெய்ய ஒரே வழி: ஆட்டம் முடிந்ததும் இருவரும் தனித்தனியாகச் சொல்லவேண்டும். நீ என்ன பார்த்தாய்? பதில் ஒத்துப்போனால் எறியைத் திருத்தலாம். ஒத்துப்போகாவிட்டால் எறியைத் திருத்தி ஒரு பயனும் இல்லை. இன்று 12 தடவையில் 7 ஒத்துப்போனது.

செப்டம்பர் 4, வியாழன்

நாளை இரவு ஆட்டம். முந்தின இரவு பத்துப் பேருக்குப் பாஸ்தா.

உலர்ந்த பாஸ்தா ஒன்றரை கிலோ, இரண்டு பெரிய பாத்திரத்தில் பிரித்து, லிட்டருக்கு 10 கிராம் உப்பு போட்டுக் கொதிக்கும் தண்ணீரில். ஒரே பாத்திரத்தில் அடைத்தால் கொதி அடங்கிப்போய் மாவு ஒட்டிக்கொள்ளும். குழம்புக்கு: அரைத்த வான்கோழிக் கறி ஒன்றரை கிலோ, மூன்று பங்காகப் பிரித்துச் சிவக்க வதக்கவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வேகும், நிறமும் வராது மணமும் வராது. அதே சட்டியில் 4 வெங்காயம், 12 பல் பூண்டு, நொறுக்கிய தக்காளி 800 கிராம் டின் மூன்று. மூடாமல் 40 நிமிடம். பாஸ்தா வெந்த தண்ணீரில் இரண்டு கப் எடுத்துவைத்து, கடைசியில் குழம்போடு சேர்த்துக் கிளறினால் பிடித்துக்கொள்ளும்.

ஆட்டத்தன்று கடைசிச் சாப்பாடு மூன்று நான்கு மணி நேரம் முன்னால். எண்ணெயும் நார்ச்சத்தும் குறைவாக: சோறு, கோழி, வாழைப்பழம். விங்ஸ் வேண்டாம், கொழுப்பு வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கும்.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்றிரவு பில்ஸ் ஆட்டத்தைப் பாதியில் அணைத்துவிட்டுத் தூங்கினவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பால்டிமோர் ரேவன்ஸிடம் கடைசிக் கால்பகுதியில் 40-25 என்று பின்தங்கி, 41-40 என்று ஜெயித்தார்கள். கடைசி உதை மாட் பிரேட்டருடையது. 41 வயது. மூன்று நாள் முன்புதான் அணியில் சேர்ந்தார்! உதைக்குப் பந்து அனுப்புகிறவர், பிடித்து நிறுத்துகிறவர், உதைக்கிறவர் மூவரின் தாளம் மூன்று நாளில் கூடிவந்திருக்கிறது. ஒவ்வொருவர் வேலையும் அணுவளவும் மாறாமல் பழகியிருந்தால் புது ஆளோடும் ஒட்டிக்கொள்ளும் போல. சேர்ந்து பழகினால்தான் கூடும் என்று நான் ஆகஸ்டில் சொல்லிக்கொண்டிருந்ததில் கொஞ்சம் கழித்துக்கொள்ளவேண்டியதுதான்.

ஆனால் முன்வரிசை விஷயத்தில் கழிக்கமாட்டேன். டிக்ஸ் 2024-ல் ஹூஸ்டனுக்குப் போன பிறகு ‘எல்லாரும் சாப்பிடணும்’ என்பது இந்த அணியின் வாசகமானது. அந்தப் பருவத்தில் ஒரு ரிசீவரும் ஆயிரம் யார்டு தொடவில்லை. அதிகம் எடுத்த கலீல் ஷக்கீருக்கு 821. ஆலன் 28 டச்டவுன் எறிந்து (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது டச்டவுன்), 6 பந்துதான் பறிகொடுத்து, எம்விபி என்ற சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். பருவம் முழுக்க அவரைப் பந்தோடு வீழ்த்தியது 14 தடவைதான்.

நம் பையன் வெள்ளிக்கிழமை நான்கு தடவை விழுந்தான். படம் பார்த்தால் மூன்றில் முன்வரிசைமேல் பழி இல்லை. மூன்று விநாடிக்கு மேல் பந்தைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அதை முன்வரிசைக்கு முன்னால் அவனே சொன்னான். முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்கிற டேக்கிள் பையன், “அப்போ வியாழக்கிழமை விங்ஸ்” என்றான். அதோடு முடிந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

ஏரிக் காற்று ஆரம்பித்துவிட்டது. பில்ஸின் ஆர்ச்சர்ட் பார்க் மைதானத்தில் 2021 டிசம்பர் 6 அன்று அடித்த காற்றில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் மொத்தம் மூன்றே தடவை பந்து எறிந்து, 14-10 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள். பள்ளி மைதானத்திலும் அதே காற்றுதான்.

எதிர்க்காற்றில் பந்தின் மூக்கு தூக்கியிருந்தால் காற்று அதைத் தூக்கி நிறுத்திவிடும். மூக்கைத் தாழ்த்தி, தட்டையாக எறியவேண்டும். பின்காற்றில் நீள எறிகள் ரிசீவரைத் தாண்டி ஓடிவிடும். பக்கக் காற்றுதான் கொடுமை. அதில் 15 யார்டுக்கு மேல் எறியாமல் ஸ்லாண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஈரப்பந்துப் பயிற்சி: வாளித் தண்ணீரில் நனைத்த பந்தில் 20 ஸ்னாப், 15 எறி. இடுப்பில் ஒரு துண்டு. பந்தைத் துடைப்பதைவிட விரலைத் துடைப்பது முக்கியம். இன்று ஆறு ஸ்னாப் கீழே. ஏழாவதிலிருந்து சென்டர் பந்தை விடுவதற்கு முன் விரலைச் சட்டையில் ஒருமுறை தேய்க்க ஆரம்பித்தான், யாரும் சொல்லாமல். பிறகு ஒன்றும் விழவில்லை.

ஓவனை 220-ல் வைத்தாயிற்று. இன்று ஒன்பது பேர், நாலரைக் கிலோ, ரிசீவர்களும் வருகிறார்கள்.