எதை அனுப்புறது

பிப்ரவரி 3

சித்தப்பாவோட காசுப் பெட்டி வந்துடுச்சு. சித்தி சாவியையும் சேர்த்தே கொடுத்தாங்க, "உன்கிட்டதான் குடுக்கச் சொன்னாரு, நீயே பாத்து எதை அனுப்பணுமோ அனுப்பு"ன்னு. இன்னிக்குத் தொறக்கல. தைரியம் வரல.

பிப்ரவரி 4

தொறந்தேன். எல்லாம் சவரன், பழைய பிரிட்டிஷ் தங்கக் காசு. ஒவ்வொண்ணும் தனித்தனி காகித உறையில. உறை மேல சித்தப்பாவோட பென்சில் எழுத்து: வருஷம், மிண்ட் மார்க் (எங்க அடிச்சதுன்னு காட்டுற குட்டி எழுத்து), எடை, யார்கிட்ட வாங்கினது. விக்டோரியா இளம் தலை, அப்புறம் 1887 ஜூபிலி, முக்காடு போட்ட தலை, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ்னு வரிசை கொஞ்சம்கூடக் கலையாம அடுக்கி வெச்சிருக்காரு. எல்லா உறையிலயும் எல்லா விவரமும் இருக்கு, ஒண்ணே ஒண்ணுல மட்டும் இல்ல. அதுல "1917 லண்டன்"னு மட்டும்தான் எழுதியிருக்கு. எடை இல்ல, வாங்கின இடம் இல்ல. அந்த மனுஷன் எதையும் பாதியில விடுறவரு கெடையாது.

பிப்ரவரி 5

எடை மட்டும் போட்டேன். 1917 – 7.98 கிராம்.

பிப்ரவரி 7

தூக்கம் வரல, அதனால எழுதுறேன். சவரனோட முழு எடை 7.988 கிராம், 7.94க்குக் கீழ தேஞ்சா அந்தக் காலத்துல அதைச் செல்லுற காசாவே எடுத்துக்க மாட்டாங்க, அதனால 7.98னா எடையில குத்தமே சொல்ல முடியாது. ஆனா எடை சரியா இருக்கிறதாலதான் எனக்கு பயமே. 1950கள்லயும் 60கள்லயும் லெபனான் பக்கம் அடிச்ச போலி சவரன்கள்ல நெறைய நெஜத் தங்கத்துல அடிச்சது, ஏன்னா காசுக்குத் தங்கத்தை விட கூடுதல் மதிப்பு இருந்துச்சு, அந்த வித்தியாசமே அவங்களுக்கு லாபம். அப்போ தராசு எனக்கு என்ன சொல்லிடப் போவுது?

1917ல சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா எல்லா இடத்துலயும் சவரன் அடிச்சாங்க, அதெல்லாம் சாதாரணமா கிடைக்கும். காசோட பின் பக்கம் செயின்ட் ஜார்ஜ் குதிரைக்குக் கீழ தரை மாதிரி ஒரு கோடு இருக்குல்ல, அதுல தேதிக்கு நேர் மேல S, M, P, Cன்னு குட்டி எழுத்து இருக்கும். லண்டன்ல அடிச்சதுக்கு எழுத்தே கெடையாது. 10 லட்சத்துக்கு மேல அடிச்சும் பெரும்பகுதி உருக்குல போயிடுச்சு, அதனாலதான் எழுத்து இல்லாத 1917 இவ்வளவு அரிது, அதனாலதான் இதுல போலியும் நெறைய. அதுவும் ரெண்டு விதமா ஏமாத்தலாம். முழுசாவே போலியா அடிக்கலாம், இல்லன்னா நல்ல சிட்னி காசுல S-ஐ மட்டும் சுரண்டி எடுத்துடலாம். லூப் (கண்ணுல வெச்சுப் பாக்குற குட்டி பூதக்கண்ணாடி) வெச்சு அந்தக் கோட்டையே பாத்துட்டு இருக்கேன். கோட்டோட நடுவுல பளபளப்பு ஒரு மயிரிழை கம்மியா தெரியுது. லைட்டை இடது பக்கம் கொண்டு போனா தெரியல. வலது பக்கம் வந்தா திரும்பத் தெரியுது.

பிப்ரவரி 8

ஆஸ்பத்திரி. சித்தப்பாவுக்குத் தொண்டையில டியூப். பேச முடியாது. போன்ல 1917 போட்டோவைப் பெருசு பண்ணிக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் ஒரே ஒரு விரலைத் தூக்குனாரு. நர்ஸ் வந்து போதும்னு சொல்லிட்டாங்க.

ஒரு விரல்னா என்ன? நல்லதுன்னா? ஒரு நிமிஷம்னா? தண்ணியா? வர்ற வழி முழுக்க இதே யோசனை.

பிப்ரவரி 10

சித்தப்பா பையன், தம்பி வந்திருந்தான். எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடலாம், கிரேடிங்குக்கு (காசு நெஜமா, எந்த நிலையில இருக்குன்னு பாத்து நம்பர் போட்டுத் தர்ற கம்பெனிக்கு) வேற தண்டம் கட்டணுமான்னு கேக்குறான். அவன் அப்பாவோட ஆஸ்பத்திரி பில்லை அவன்தானே பாக்குறான், அவன் கேக்குறதுல தப்பே இல்ல. அவனுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னுதான் ஒவ்வொரு உறையா எடுத்து வெச்சு உக்காந்தோம்.

தென்னாப்பிரிக்கா பிரிடோரியாவோட SA மார்க் போட்ட, 1920களோட பின்பாதி சவரன்களை முதல்லயே ஒதுக்கிட்டேன். பாக்க அழகு, ஒண்ணு ரெண்டு புதுசு மாதிரியே மின்னுது, ஆனா அந்த வருஷங்கள் நல்ல நிலையிலயே ஏராளமா இருக்கு. 70க்கு 63 வந்தாலும் 64 வந்தாலும் கட்டுற கட்டணமும் அனுப்புற செலவும் திரும்பி வராது. 1887 ஜூபிலியும் அப்படித்தான். இதெல்லாம் தங்கமாவே இருக்கட்டும், விக்கிற நாள் வந்தா தங்கத்து மதிப்புக்குப் போகட்டும்.

1918, I மார்க். பம்பாய்ல அடிச்சது, அந்த ஒரு வருஷத் தேதி போட்டு மட்டும்தான் அங்க அடிச்சாங்க, 13 லட்சத்துக்குக் கிட்ட. எனக்குப் பெட்டியிலயே ரொம்பப் பிடிச்சது இதுதான். ஆனா ராஜா தலைக்கு நேர் மேல, விளிம்புல, வளையம் பத்த வெச்ச தடம் இருக்கு. பக்கவாட்டுல ஓடுற வரிகள் அந்த எடத்துல மட்டும் மழுங்கிப் போயிருக்கு, நிறமும் கொஞ்சம் வெளிறிக் கெடக்கு. யாரோ டாலரா கோத்துப் போட்டிருக்காங்க. இதை அனுப்புனா நம்பரே தர மாட்டாங்க, நகையில இருந்ததுன்னு எழுதி 'டீடெய்ல்ஸ்'னு போட்டு அடைச்சுத் தருவாங்க. அந்த லேபிளுக்காக எதுக்குக் காசு கட்டணும். இது என்கிட்டயே இருக்கட்டும்னு சொன்னேன், தம்பி சரின்னான்.

1917 உறையை அவன் கையிலயே கொடுத்தேன். பத்திரமா விளிம்புல புடிச்சான், சின்ன வயசுல சித்தப்பா சொல்லிக் கொடுத்த அதே புடி.

பிப்ரவரி 11

டாக்டர் வரல.

பிப்ரவரி 13

1872 ஷீல்டு, அதாவது பின் பக்கம் கேடயம் இருக்கிற சவரன். லண்டன்ல 1863லேர்ந்து 1874 வரைக்கும் அடிச்ச ஷீல்டு சவரன்கள்ல பின் பக்கம் இலை வளையத்துக்குக் கீழ ஒரு பொடி நம்பர் இருக்கும், அது அச்சோட நம்பர். சித்தப்பா அதையும் உறையில எழுதி வெச்சிருக்காரு, வட்டம் போட்டு.

இது 58ஆ இல்ல 60க்கு மேலயான்னு ராத்திரி முழுக்கப் பாத்தேன். கிரேடிங் ஸ்கேல் 1லேர்ந்து 70 வரைக்கும், 60லேர்ந்துதான் புழங்காத காசு. 1949ல வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்க செப்பு சென்ட்டுகளுக்குன்னு போட்ட கணக்கு, இப்போ உலகம் பூரா தங்கத்துக்கும் அதுவேதான். மத்த லைட்டெல்லாம் அணைச்சுட்டு, ஒரே ஒரு மேஜை விளக்குக்குக் கீழ காசை மெல்ல சாய்ச்சுத் திருப்புனா, புழங்காத காசுல ஒளி வண்டிச் சக்கரத்தோட ஆரக்கால் மாதிரி சுத்தி வரும், எங்கயும் அறுபடாது. இதுல சுத்துது, ஆனா காதுக்கு மேல முடி இருக்கிற மேட்டுல வந்ததும் லேசா மங்கி, அப்புறம் திரும்பத் தொடருது. அது புழக்கத்துல தேஞ்சதா, பையில ஒண்ணோட ஒண்ணு உரசுனதா? தேஞ்சிருந்தா அந்த மேட்டுல நிறமே மாறியிருக்கணும். எனக்கு நிறம் மாறுன மாதிரி தெரியல. நல்ல விஷயம் என்னன்னா, துணி வெச்சுத் துடைச்சா வர்ற ஒரே திசைக் கோடுகள் எங்கயுமே இல்ல. நாப்பது வருஷத்துல சித்தப்பா ஒரு காசைக்கூடத் தேச்சதில்ல. அழுக்கா இருக்கே, லேசா துடைச்சா என்னன்னு கேக்குறவங்ககிட்ட அவரு கோபப்படுறதை நான் பாத்திருக்கேன், வேற எதுக்கும் அந்தக் கோபம் வராது.

இது போகணும். முடிவு.

பிப்ரவரி 14

1917ஐ நூல்ல கட்டித் தண்ணியில தொங்கவிட்டு எடை பாத்தேன். டம்ளர் தராசு மேல, காசு அடியிலயும் படக்கூடாது, பக்கத்துலயும் படக்கூடாது. 0.45 காட்டுது. 7.98ஐ அதால வகுத்தா அடர்த்தி 17.7. 22 கேரட்டுக்கு 17.6 பக்கம் வரணும், சந்தோஷம். கொஞ்ச நேரத்துல 0.46ன்னு மாறுது, உடனே 17.3 ஆயிடுது. ரெண்டாவது தசமத்தோட நிக்கிற தராசுல இதுக்கு மேல துல்லியம் கெடைக்காது. சரி, தங்கம்னு மட்டும் தெரியுது. தங்கமான்னு நான் கேக்கவே இல்லயே.

பிப்ரவரி 16

ஃபாரம் நிரப்ப உக்காந்தேன். மதிப்பு எழுதுற கட்டத்துலயே நின்னுட்டேன். நாம போடுற மதிப்பை வெச்சுத்தான் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாமே. 1917ஐ லண்டன்னு நம்பி எழுதுனா பெரிய கட்டணத்துக்குப் போயிடும், போலின்னு திரும்பி வந்தாலும் அந்தக் கட்டணம் போனது போனதுதான். சாதாரண சவரன்னு கம்மியா எழுதி, வழியில தொலைஞ்சுட்டா? அப்படி எழுதுறது சித்தப்பா எழுதி வெச்ச அந்த ரெண்டு வார்த்தையை நான் நம்பலன்னு சொல்ற மாதிரியும் இருக்கு.

கோட்டோட நடுவுல அந்த மங்கல். திரும்பப் பாத்தேன். இருக்கு.

பிப்ரவரி 18

திரும்ப ஐசியூ. எதையும் எழுதத் தோணல.

பிப்ரவரி 20

டியூப் எடுத்துட்டாங்க!! குரல் கரகரன்னு காத்து மாதிரிதான் வருது, ஆனா பேசுறாரு. சித்தி அழுதுட்டே சிரிக்கிறாங்க. முதல் கேள்வியே "அனுப்பிட்டியா கண்ணு?"

அந்த விரல் பத்திக் கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு அனுப்புன்னேன், அத மட்டும்." பார்வையால தீராத சந்தேகம் எதுல இருக்கோ அதுக்குத்தான் அடுத்தவன் கண்ணு வேணும், அழகான காசுக்கு நம்ம கண்ணு போதும்னு சொல்றாரு. உறையில ஏன் ஒண்ணும் எழுதலன்னு கேட்டதுக்குக் கண்ணை மூடிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "கோட்டையே பாக்காத. ஓரத்துப் பல்லைப் பாரு"ன்னாரு.

வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் பண்ணுனேன். ஓரத்தைச் சுத்தி ஓடுற பற்கள் எல்லாம் கூர்மையா தனித்தனியா நிக்குது. போலி அச்சுல இதெல்லாம் சோப்பு மாதிரி வழவழன்னு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கெடக்கும், வெறும் பரப்புல தேவையில்லாத பொடி மேடுகள் துருத்திட்டு இருக்கும், அப்படி எதுவும் இல்ல. ஆக அச்சு நல்ல அச்சு. அப்போ மிச்சம் இருக்கிறது ஒரே கேள்விதான், அந்த எடத்துல முன்னாடி ஒரு எழுத்து இருந்துச்சா.

பிப்ரவரி 22

அனுப்பியாச்சு. 1917, கூடவே 1872. ஒண்ணு போதும்னு சித்தப்பா சொல்லியும் ரெண்டா அனுப்புனேன், காரணம் அவர்கிட்டயே சொன்னேன்: 1872 கட்டாயம் கட்டணத்தைத் தாண்டி நிக்கும், பில் கட்டுறவனுக்கு அது வேணும். ஒண்ணும் சொல்லல, தலைய மட்டும் ஆட்டுனாரு.

பிவிசி கலந்த பிளாஸ்டிக் உறையில வெச்சா நாளாக ஆகப் பச்சையா பிசுக்கு படியும், அதனால பிவிசி கலக்காத மைலார் உறை தேடிப் புடிச்சு வாங்கியிருந்தேன். அதுல போட்டு, நடுவுல அட்டை வெச்சு, குலுக்குனா சத்தமே வராத அளவுக்கு இறுக்கிக் கட்டுனேன். மதிப்புக் கட்டத்துல லண்டன் மதிப்பையே எழுதிட்டேன். எழுதும்போது கை நடுங்கல, அது எனக்கே ஆச்சரியம்.

பிப்ரவரி 26

பார்சல் போய்ச் சேந்துடுச்சு.

மார்ச் 1

இன்னிக்கு மனசு சரியில்ல. S சுரண்டினதுன்னு வந்தா அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே ஓடிட்டு இருக்கு. பிசிஜிஎஸ், என்ஜிசிங்கிற கிரேடிங் கம்பெனிகள் 1986லயும் 1987லயும் வந்த பிறகுதான் இந்த சீல் வெச்ச டப்பா, நம்பர் எல்லாம் பெருசா பரவுச்சு. சித்தப்பா அதுக்கு முன்னாடியே சேக்க ஆரம்பிச்சவரு. லூப், விளக்கு, அப்புறம் எதிர்ல உக்காந்திருக்கிறவன் முகம், இத வெச்சேதான் வாங்குனாரு. அவ்வளவு வருஷமா அந்த ஒரு உறையை நிரப்பாம வெச்சிருந்தவருக்கு, யாரோ முகம் தெரியாதவங்க ஒரு வரியில பதில் சொல்லப் போறாங்க. அதை அவரே கேக்குறாருங்கிறதுதான் எனக்குப் பெருசா தெரியுது.

மார்ச் 2

ஒரு இட்லி முழுசா சாப்பிட்டாராம்.

மார்ச் 5

இன்னும் 'கிரேடிங்'லதான் நிக்குது. காலையில பாத்தேன், மதியம் பாத்தேன், இப்பவும் பாத்தேன். தம்பி போன் பண்ணி அவனும் பாத்துட்டேங்கிறான், இப்பல்லாம் எடைக்குப் போடுற பேச்சையே எடுக்கறதில்ல.

சித்தப்பா இன்னிக்கு 1925 லண்டன் உறையைக் கொண்டு வரச் சொல்லியிருக்காரு. 1949லேர்ந்து 1952 வரைக்கும் பழைய 1925 தேதியே போட்டுத் திரும்ப அடிச்சாங்க, அதனால அது எந்தக் காலத்துதுன்னு எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே ஒரு உறுத்தல் உண்டு. காசு வேணாம், லூப்பும் உறையும் மட்டும் கொண்டு வான்னு சொல்றாரு. காசு இல்லாம உறையில என்ன பாக்கப் போறாருன்னு தெரியல. ஆறு மணிக்குள்ள கெளம்பணும்.