பென் லெடி: தாளில் பார்த்த மலை

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கூட்டமெல்லாம் மம்மிகளைச் சுற்றித்தான். அச்சோவியங்களைக் காட்டும் படிப்பறை ஒதுக்குப்புறமாக இருக்கிறது. முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கினால் யாரும் போகலாம். பேனாவுக்குத் தடை, பென்சில் மட்டும்தான். கேட்ட படத்தை மேசைமீது கொண்டுவந்து வைக்கிறார்கள். இடையில் கண்ணாடி கிடையாது. அமிலத்தால் அரித்த செப்புத் தகட்டிலிருந்து அச்சிடும் எட்சிங்கை இப்படித்தான் பார்க்க வேண்டும்.

நான் கேட்டது, ஸ்காட்லாந்துக்காரரான டி.ஒய். கேமரன் 1911இல் செய்த ‘பென் லெடி’. கீழே நீர், அதில் கவிழ்ந்து கிடக்கும் மர நிழல்கள், எல்லாம் கனத்த கறுப்பு. மேலே மலை. வானம் ஏறக்குறைய வெறும் தாள். மனிதர் ஒருவர்கூட இல்லை.

அந்தக் கறுப்பை உற்றுப் பார்த்தால் இரண்டு வகைக் கோடுகள் தெரிகின்றன. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலம் அரித்த கோடுகள் கறாராக இருக்கின்றன. நேரடியாகச் செம்பிலேயே கீறியவை டிரைபாயிண்ட். ஏர் போன வழியில் மண் புரள்வதுபோல அந்தக் கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும்பி நிற்கும். மை அதில் தங்கி, தாளில் மெத்தென்று கசியும். அச்சின் அழுத்தத்தில் பிசிறு சீக்கிரமே நசுங்கிவிடும். முதலில் எடுத்த பிரதிகளுக்கு மவுசு கூடியது அதனால்தான். 1920களில் இத்தகைய பிரதிகளைப் பங்குப் பத்திரம்போல வாங்கி விற்றார்கள். 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பின் இந்தப் படங்களின் சந்தையும் படுத்தது. கேமரனின் பெயரும் மங்கியது. அநியாயம் என்பேன். அவருடைய இத்தாலிய நகரக் காட்சிகளில் கைத்திறன் தெரிகிறது. ஆனால் இந்த மலையின் முன் அவை நிற்காது.

பிறகு வடக்கே ஸ்காட்லாந்துக்குப் போனபோது அந்த மலையையும் பார்த்துவிட நினைத்தேன். அடிவாரத்துச் சிற்றூரான காலண்டருக்கு 1965 முதல் ரயில் இல்லை. ஸ்டெர்லிங்கில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். டீத் ஆற்றங்கரையிலிருந்து மலை நன்றாகவே தெரிந்தது. உயரம் 879 மீட்டர். வெயிலில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக, கொஞ்சம் சாதாரணமாகக்கூட இருந்தது. கேமரன் எதையெல்லாம் விட்டிருக்கிறார் என்பது அங்கேதான் உறைத்தது: புதர், பாறை, சரிவின் சின்னச் சின்ன மடிப்புகள் எதையும் அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. மலையின் வடிவமும் எடையும் போதும் என்று நிறுத்திவிட்டார்.

ஏறி இறங்க நான்கைந்து மணி நேரமாவது ஆகும் என்றார்கள். உச்சியில் நின்றால் கேமரனின் மலை தெரியாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.