புலிக்குப் பின்னால் நின்றவர்கள்

அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தது 1973-இல். அங்கே தஞ்சோங் பகார் முனையத்துக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 'நிஹோன்' என்று பெயர், 1972 ஜூன் 23, ராட்டர்டாமிலிருந்து 300 பெட்டிகள். எங்கள் பிறந்தநாளை மறந்தாலும் இந்தத் தேதியை அவர் மறக்கமாட்டார். கப்பலில் ஏற்றிய பெட்டிகள் கடலில் ஆடாமல் இருக்க, இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டும் லாஷிங் வேலை. இருபத்தெட்டு வருஷம் செய்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை. சிங்கப்பூர் கலை அரும்பொருளகத்தின் பிராஸ் பசா கட்டடம் புதுப்பிப்பு வேலைக்காக மூடிக் கிடக்க, 2022 ஜனவரியில் தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில் அவர்கள் காட்சிக்கூடம் திறந்தார்கள். சரக்குக் கிடங்குக் கட்டடத்துக்குள் ஓவியமா என்று அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அங்க பாஸ் இல்லாம உள்ள விடமாட்டாங்க பாப்பா" என்றார். சிங்கப்பூரர்களுக்கு இலவசம், அடையாள அட்டை போதும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் 2023 நவம்பர் முடிகிற நேரத்தில்தான் கிராப் பிடித்து அழைத்துப் போனேன். சிங்கப்பூர்க் கலைஞர் ஹோ ட்ஸு நியெனின் 'டைம் அண்ட் தி டைகர்' கண்காட்சி அப்போதுதான் திறந்திருந்தது.

வண்டியை விட்டு இறங்கியதும் கெப்பல் சாலைப் பக்கம் தெரிந்த பாரந்தூக்கிகளைப் பார்த்தபடி நின்றுவிட்டார். பத்து நிமிஷம் இருக்கும். நான் அவசரப்படுத்தவில்லை. நகரத்துக் கொள்கலன் முனையங்கள் எல்லாம் 2027-க்குள் தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸுக்குப் போகப்போகின்றன. அதற்கு முன்னால் அவர் ஒரு முறை இப்படி நின்று பார்த்தது எனக்கு நிம்மதி.

உள்ளே பல படைப்புகள் இருந்தன. எல்லாவற்றையும் பற்றி எழுதப்போவதில்லை. நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்தது ஒரு புலியின் முன்னால்தான். 2017-இல் ஹோ செய்த காணொளிப் படைப்பு அது. இருட்டறை, பெரிய திரை. புலியும் ஒரு வெள்ளைக்காரரும் மாறி மாறிப் பாடுகிறார்கள்.

அந்த வெள்ளைக்காரர் ஜார்ஜ் கோல்மன். ஆர்மீனியத் தேவாலயத்தைக் கட்டிய அயர்லாந்துக் கட்டடக் கலைஞர், கோல்மன் தெருவுக்குப் பெயர் கொடுத்தவர். 1835-இல் காட்டுக்குள் சாலைக்காக நிலம் அளந்துகொண்டிருந்தபோது புலி பாய்ந்தது என்பது கதை. சில பத்தாண்டுகள் கழித்து ஹைன்ரிக் லாய்ட்டமன் என்ற ஜெர்மானியர் அதை மரச்செதுக்குப் படமாக ஆக்கினார். நடுவில் அளவைக் கருவி மேல் பாயும் புலி, பின்னால் சாயும் கோல்மன், சுற்றிலும் சிதறும் ஆட்கள். 2015-இல் தேசியக் கலைக்கூடம் திறந்தபோது அந்தப் படத்தை அங்கே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நானும் புலியைத்தான் பார்த்தேன்.

இதை அப்பாவின் காதில் மெதுவாகச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "கூட நின்னவங்க யாரு?" என்றார்.

நம் ஆட்கள்தான். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825-இல் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து முதல் கூட்டம் இங்கே வந்தது, முதலில் வந்தவர்கள் மெட்ராஸ் மாகாணத்துக் கைதிகள். சிலருக்கு நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தியிருந்தார்கள். 1873-இல் அந்த ஏற்பாடு முடியும் வரை இந்த ஊரின் சாலைகளும் கட்டடங்களும் பெரும்பாலும் அவர்கள் கையால்தான் எழும்பின. இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானா அப்படித்தான். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அப்படித்தான்.

அந்தத் தேவாலயத்தின் சுவர்ப்பூச்சைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் 'மெட்ராஸ் சுனாம்' என்று எழுதியிருப்பார்கள். வேறொன்றுமில்லை, நம் சுண்ணாம்பு. சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் பழுப்புச் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியது. இதைச் சொன்னதும் அப்பா, "எங்க தாத்தா வீட்டுச் சுவரும் அதே பக்குவம்தான், முகம் பார்க்கலாம்" என்றார். வெள்ளைக்காரன் வேலை வாங்கினான், சரி. அந்தக் கைப்பக்குவம் ஊரிலிருந்து கப்பலேறி வந்தது. தேவாலயத்தின் எதிரே எத்தனை முறை பேருந்துக்காக நின்றிருக்கிறேன்! பள்ளியில் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

"கூட நின்னவங்க பேரெல்லாம் போட்டிருக்காங்களா?" அப்பாவின் அடுத்த கேள்வி.

"இல்லப்பா."

தேசியக் கலைக்கூடத்தில் சுவா மியா டீ 1959-இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' ஓவியம் இருக்கிறது. அதில் கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? 2015-இல் கூடம் திறந்தபோது சிங்கப்பூர்ப் பகுதிக்கே அந்த முதல் கேள்வியைத்தான் தலைப்பாக வைத்தார்கள். லாய்ட்டமனின் படத்தில் இருக்கும் ஆட்களிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும் என்று அந்த இருட்டறையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. ஹோவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அந்தப் படத்தை மறுபடி தூக்கி வந்து நம் கண் முன்னால் வைத்ததால்தான் அப்பா இந்தக் கேள்வியைக் கேட்டார். என் ஆசையெல்லாம், அடுத்து எந்த அரும்பொருளகமாவது புலியையும் கோல்மனையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அந்த ஆட்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி திறக்க வேண்டும். சுண்ணாம்பு குழைத்துக் காட்டட்டும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். பதிவேடுகளில் கிடைக்கும் பெயர்களைச் சுவரில் எழுதட்டும். நான் முதல் நாளே போய் நிற்பேன்.

திரும்பும் வழியில் வண்டியில் அப்பா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். அவருடைய லாஷிங் குழுவில் அவரோடு பதினோரு பேர். வீட்டுக்கு வந்ததும் கண்காட்சித் துண்டுத்தாளின் பின்பக்கம் ஒவ்வொரு பெயராக எழுதினார். நாகப்பட்டினத்துக்காரர், ஜோகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வந்தவர், மலாய்க்கார மேஸ்திரி என்று ஆளுக்கு ஒரு கதை. ஒன்பதாவது ஆளின் பெயர் மட்டும் வரவில்லை. முகம் தெரிகிறது, பீடி வாசம் கூட நினைவிருக்கிறது, பெயர் வரவில்லை. சாப்பிடும்போதும் அதே யோசனை.

இரவு பதினோரு மணிக்கு யீஷூனில் இருக்கும் பழைய கூட்டாளிக்கு போன் போட்டுவிட்டார். அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்க வேண்டும். "அட, அவன்தான்! அவனேதான்!" என்று அப்பா கத்திய சத்தத்தில் நான் எழுந்து வந்தேன். பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெயர்களை இங்கே எழுதவில்லை. அவர்களுடைய பிள்ளைகளைக் கேட்காமல் எழுதக் கூடாது. தாள் எங்கள் வீட்டு ஃபிரிஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது.