மைஎஸ்க்யூஎல்லில் சொந்த ஃபங்ஷன்: எழுதியது சுலபம், ஏற்றியதுதான் பெரும்பாடு

மைஎஸ்க்யூஎல் 8.0 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் சொந்தமாக ஒரு ஃபங்ஷன் (ஒரு மதிப்பை வாங்கி விடை திருப்பித் தரும் சின்ன நிரல்) எழுதி, அதை நிஜ சர்வரில் ஓடவிடுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. இதே வழியில் வருகிறவர்கள் என்னைப் போல அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேவை என்னவோ சின்னதுதான். வாடிக்கையாளர் டேபிளில் ஃபோன் நம்பர்கள் கண்டபடி கிடந்தன. ஒருவர் நடுவில் இடைவெளி விட்டிருந்தார், ஒருவர் கோடு போட்டிருந்தார், இன்னொருவர் அடைப்புக்குறி சேர்த்திருந்தார். ஒரே நம்பர் மூன்று பேருடையது போல நின்றது. இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் களைய ஒரு ஃபங்ஷன் வேண்டும். உள்ளே ஒரு வார்ச்சார் (எழுத்துச் சரம்), வெளியே ஒரு வார்ச்சார், நடுவில் வேண்டாத எழுத்துகளை நீக்கும் ஒரே ஒரு ரெகெக்ஸ்ப் ரீப்ளேஸ். முடிந்தது. ஃபங்ஷனின் உடலில் ஒரே ஒரு ரிட்டர்ன் மட்டும் இருந்தால், தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் பிகின், எண்ட் தேவையில்லை. கட்டளை எங்கே முடிகிறது என்று காட்டும் டிலிமிட்டரை மாற்றவும் வேண்டாம். அந்த டிலிமிட்டர் கட்டளை நாம் தட்டச்சு செய்யும் கிளையன்ட்டுக்குத்தான் புரியும், சர்வருக்குத் தெரியாது. அப்ளிகேஷன் கோடிலிருந்து (நிரலிலிருந்து) அதை அனுப்பினால் 1064 சின்டாக்ஸ் எரர்தான் வரும்.

முதலில் வந்து நிற்பது 1418 என்ற எரர். 8.0-இல், டேட்டாவில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பைனரி லாக் தானாகவே ஆன் ஆகியிருக்கும். அந்த லாகைப் படித்து நகலாக ஓடும் ரெப்ளிகா சர்வரில் ஃபங்ஷன் வேறு விடை கொடுத்துவிட்டால் இரண்டு சர்வர்களின் டேட்டாவும் பிரிந்துவிடும். அதனால் டிடெர்மினிஸ்டிக், நோ எஸ்க்யூஎல் (உள்ளே எஸ்க்யூஎல் கட்டளை இல்லை), ரீட்ஸ் எஸ்க்யூஎல் டேட்டா (டேட்டாவைப் படிக்க மட்டும் செய்யும்) ஆகிய மூன்றில் ஒன்றையாவது சொல்லியே ஆகவேண்டும். என்னுடையது ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவது. டிடெர்மினிஸ்டிக் என்று போட்டேன், சரியாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: நீங்கள் சொல்வது உண்மைதானா என்று மைஎஸ்க்யூஎல் சோதித்துப் பார்ப்பதில்லை. உள்ளே விடை மாறிக்கொண்டே இருக்கும் நவ், ரேண்ட் மாதிரி ஏதாவது வைத்துக்கொண்டு எரரைத் தாண்டுவதற்காக டிடெர்மினிஸ்டிக் போடாதீர்கள்.

இனிமேல்தான் அலைச்சல். அதே நிரலை வாடகை சர்வரில் ஓட்டினால் 1419 எரர். பைனரி லாக் ஆன் ஆகியிருக்கும்போது ஃபங்ஷன் உருவாக்குவதற்கான கிரியேட் ரொட்டீன் உரிமை மட்டும் போதாது, சர்வர் நிர்வாகிக்குரிய சூப்பர் உரிமையும் வேண்டும். வாடகை சர்வரில் அதை யார் தருவார்கள்? இதற்கென்று இருக்கும் வழி, லாக் பின் டிரஸ்ட் ஃபங்ஷன் கிரியேட்டர்ஸ் என்ற வேரியபிளை 1 ஆக்குவது. அதைத்தான் கேட்டு சர்வர்காரர்களுக்கு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டேன். 'உங்கள் கோடில் சின்டாக்ஸ் பிழை இருக்கிறது, சரிபார்க்கவும்' என்று பதில். எரர் எண்ணை எழுதி அனுப்பினேன், மறுபடி அதே பதில். கடைசியில் மேனுவலில் அந்த வேரியபிளைப் பற்றிச் சொல்லும் பத்தியை அப்படியே ஒட்டி, எந்த மதிப்பை மாற்ற வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிய பிறகுதான் வேலை நடந்தது. டிக்கெட் போடுகிறவர்கள் விளக்கத்தைக் குறைத்துக்கொண்டு வேரியபிள் பெயரையும் மதிப்பையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அதோடு விட்டதா? அவர்கள் செட் குளோபல் மட்டும் போட்டிருக்கிறார்கள். அது சர்வர் ரீஸ்டார்ட் ஆகும் வரைதான் நிற்கும். அடுத்த பராமரிப்புக்குப் பிறகு ஃபங்ஷனில் ஒரு சின்ன மாற்றம் செய்யப் போனால் பழையபடி 1419. அதிலும் மைஎஸ்க்யூஎல்லில் கிரியேட் ஆர் ரீப்ளேஸ் ஃபங்ஷன் கிடையாது. ட்ராப் செய்துவிட்டுத்தான் புதிதாக உருவாக்க வேண்டும். ட்ராப் ஆகிவிட்டது, கிரியேட் ஆகவில்லை என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் மதிப்பைத் தக்கவைக்கும் செட் பெர்சிஸ்ட் போடச் சொல்லுங்கள், அல்லது கான்ஃபிக் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டார்களா என்று கேட்டு உறுதிசெய்யாமல் டிக்கெட்டை மூடவிடாதீர்கள்.

அப்புறம் வேகம். தேடல் நிபந்தனை எழுதும் வேர் பகுதியில் ஃபங்ஷனை டேபிளின் ஒரு நெடுவரிசைமேல் போட்டுத் தேடினால், அந்த நெடுவரிசைக்குப் போட்ட இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) உதவாது, டேபிள் முழுவதையும் படிக்கும். மற்ற நெடுவரிசைகளிலிருந்து தானாகக் கணக்கிடப்படும் ஜெனரேட்டட் நெடுவரிசையிலும் நாம் எழுதிய ஃபங்ஷனை மைஎஸ்க்யூஎல் ஏற்பதில்லை. அதனால் சுத்தமான நம்பருக்குத் தனி நெடுவரிசை வைத்து, இன்சர்ட்டுக்கும் அப்டேட்டுக்கும் முன்னால் தானாக ஓடும் ட்ரிக்கர்களிலிருந்து ஃபங்ஷனை அழைத்தேன். இண்டெக்ஸ் போட்டதும் தேடல் பறந்தது. அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. சர்வரை வேறு மெஷினுக்கு மாற்றி, அவர்கள் எடுத்துவைத்திருந்த பேக்கப்பிலிருந்து மீட்டார்கள். டேபிள்கள் சரி, வரிகளின் எண்ணிக்கை சரி, பழைய பதிவுகள் எல்லாம் திறக்கின்றன. ஆனால் புதிதாக ஒரு வாடிக்கையாளரைக்கூடச் சேர்க்க முடியவில்லை. ஒவ்வொரு இன்சர்ட்டும் 1305, ஃபங்ஷன் இல்லை என்று விழுந்தது. காரணம் இதுதான்: பேக்கப் எடுக்கும் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப் ட்ரிக்கர்களைத் தானாக எடுத்துக்கொள்ளும், ஃபங்ஷன்களையும் புரொசீஜர்களையும் எடுக்காது. அவற்றுக்கு ரொட்டீன்ஸ் என்ற ஆப்ஷனைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ட்ரிக்கர் வந்துவிட்டது, அது அழைக்கும் ஃபங்ஷன் வரவில்லை. காசு வாங்கிக்கொண்டு பேக்கப் எடுக்கிறவர்கள் இந்த ஒரு ஆப்ஷனைப் போடாமல் விட்டிருந்தது இன்னமும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ரொட்டீன்ஸ் சேர்த்து மறுபடி டம்ப் எடுத்துக் கொடுத்தார்கள். இந்த முறை 1449, டிஃபைனர் (உருவாக்கியவராகப் பதிவான யூசர்) இல்லை. ஃபங்ஷனை உருவாக்கிய யூசரின் பெயரும் ஹோஸ்ட்டும் அதோடு சேர்ந்தே பதிவாகும். வழக்கமாக அந்த யூசரின் உரிமையில்தான் அது ஓடும். புதிய மெஷினில் அந்த யூசரே இல்லை. டம்ப் ஃபைலில் டிஃபைனர் பகுதியை வெட்டிவிட்டு ஏற்றினால், ஏற்றுகிறவரே டிஃபைனர் ஆகிவிடுவார். அப்படித்தான் இது தீர்ந்தது.

இப்போது ஃபங்ஷன்களின் மூலக் கோடு டிஃபைனர் இல்லாமல் தனி ஃபைலில், அப்ளிகேஷன் கோடோடு சேர்ந்தே இருக்கிறது. எந்த மீட்புக்குப் பிறகும் முதலில் ஷோ ஃபங்ஷன் ஸ்டேட்டஸ் ஓட்டி, பட்டியலில் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். அப்புறம் ஒரு ட்ரான்ஸாக்ஷனுக்குள் ஒரு வரியை இன்சர்ட் செய்து, ரோல்பேக் செய்து அதை ரத்தாக்கிவிடுகிறேன். இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் அப்ளிகேஷனைத் திறந்துவிடுவது.