பகலில் பறவை, ராத்திரியில் மிருகம்

நவம்பர் 17, திங்கள்

பெண்கள் ஐக்கியத்தில் 30ஆம் தேதி நான்தான் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: வேதாகமப் பெண்களின் உண்மையும் விசுவாசமும். "ரூத்தைப் பேசிடு, உனக்குப் பொருந்தும்" என்றார் செயலாளர் அக்கா. பொருந்துமாம். புருஷன் இல்லாதவள், மாமியாரோடு இருக்கிறவள். தேன்கனிக்கோட்டையில் ஆறு வருஷமாக எனக்கு இதுதான் அடையாளம்.

நான் இங்கேயே இருந்ததற்குக் காரணம் பாப்பாவின் பள்ளிக்கூடமும் வாடகையில்லாத வீடும்தான். ஓசூரில் அண்ணன் கூப்பிட்டார், அண்ணி கூப்பிடவில்லை. இதை மேடையில் சொல்ல முடியுமா?

நவம்பர் 19, புதன்

தைத்து முடித்த ரவிக்கைகளுக்கு ஊக்கு வைத்துக்கொண்டே ரூத்தின் புத்தகத்தைப் படித்தேன். மொத்தமே 4 அதிகாரம்.

"நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்." எத்தனை கல்யாணத்தில் இதைக் கேட்டாகிவிட்டது! ஏதோ மணப்பெண் மாப்பிள்ளையிடம் சொன்ன மாதிரி. புருஷன் மோவாபில் செத்து மண்ணான பிறகு, வெறுங்கையோடு பெத்லகேமுக்குத் திரும்பும் கிழவியிடம் நடுவழியில் சொன்னது அது. அந்த மாமியார் நகோமி, கூடவே வா என்று கெஞ்சவுமில்லை. போ, போ என்றுதான் விரட்டுகிறாள். மருமகள்களுக்கு அடக்கம் போதிக்க இந்த வசனத்தை எடுக்கிறவர்கள் அந்த இடத்தை மட்டும் தாண்டிவிடுகிறார்கள்.

அதே மூச்சில் ரூத், உம்முடைய ஜனம் என் ஜனம், உம்முடைய தேவன் என் தேவன் என்கிறாள். எனக்கு இதில் கடைசி வரி வாயில் வராது. என் புருஷன் கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தார், அத்தை எடுக்கவில்லை. அவருக்கு ஊர் மாரியம்மன்தான். வெள்ளிக்கிழமை அவர் விளக்குத் துலக்குவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரம் துலக்குவேன். ஒரே புளிதான் இரண்டுக்கும்.

நவம்பர் 22, சனி

பனி இறங்கிவிட்டது, அவரைக்காய் வரத்தும் ஆரம்பம். ராத்திரி ஊறவைத்த கொட்டையை அத்தையும் நானும் பிதுக்கினோம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஓர் அழுத்து. தோல் விரலில் தங்கும், பருப்பு வழுக்கிக் கிண்ணத்தில் விழும். அத்தை இரண்டு கையாலும் பிதுக்குவார். நான் ஒன்றைப் பிதுக்குவதற்குள் அவருடையது நாலு விழுந்திருக்கும்.

ரூத் கதையைச் சொன்னேன். பஞ்சம் பிழைக்கப் போனது, அங்கே 10 வருஷத்தில் அப்பனும் இரண்டு பிள்ளைகளும் செத்தது, இரண்டு மருமகள்களில் ஒருத்தி முத்தமிட்டுத் திரும்பியது, இன்னொருத்தி விடாமல் ஒட்டிக்கொண்டது.

"திரும்பிப் போனாளே, அவ பேர் என்னா?"

"ஒர்பாள், அத்தை."

"அவ என்ன ஆனா?"

"அப்புறம் அவளைப் பத்தி எழுதல."

"அவளும் அழுதுட்டுத்தானே போனா?"

ஆமாம், இரண்டு தரம் அழுதாள் என்றேன். "மாமியாக்காரிதான் போகச் சொன்னா. சொன்ன பேச்சக் கேட்டவ மேல என்ன தப்பு?" என்று கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். ஒர்பாளுக்குப் பரிந்து பேசி நான் கேட்ட முதல் ஆள், வேதத்தைக் கையில் தொடாத என் அத்தை.

நவம்பர் 24, திங்கள்

குறிப்பு எடுத்தவை: ரூத் முதல் நாள் பொறுக்கித் தட்டியது ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை. சுமார் 22 லிட்டர், நம் படிக்குப் பதிமூன்று படி வரும். கடலைக்காய் பிடுங்கிய கொல்லையில் உதிரி பொறுக்கினவளுக்குத் தெரியும், அது என்ன முதுகுவலி என்று. வயலில் கொடுத்த வறுத்த தானியத்தில் தான் தின்றது போக மீதியை மாமியாருக்கு எடுத்துப் போயிருக்கிறாள். எனக்கு 1ஆம் அதிகாரத்து வசனத்தைவிட 2ஆம் அதிகாரத்து இந்த மீதிதான் பிடித்திருக்கிறது.

அந்த வயல்காரர் போவாஸ், வேற்று நாட்டு மோவாபியப் பெண்ணிடம் ஏன் அவ்வளவு தன்மையாகப் பேசினார் என்பதற்கு மத்தேயு 1ஐப் பார்க்க வேண்டும். அவருடைய தாய் என்று அங்கே இருப்பது ராகாப். எரிகோவிலிருந்து வந்தவள். வேற்றூர்க்காரி வளர்த்த பிள்ளை.

நவம்பர் 26, புதன்

இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. ஜவளகிரி காட்டுப் பக்கமிருந்து யானை இறங்கியிருக்கிறது என்று தகவல். ராகி கதிர் முற்றி நிற்கிற நேரம். ஆண்கள் பரணில் டார்ச்சும் பட்டாசுமாக இருக்கிறார்கள். நாங்கள் வாரத்துக்கு எடுத்த அரை ஏக்கரில் பகல் காவல் அத்தையுடையது. பாறைமேல் சாக்கு விரித்து உட்கார்ந்து, குருவி இறங்கினால் தட்டைத் தட்டுவார். மதியம் களியும் கொள்ளு ரசமும் கொண்டுபோனபோது, அந்தச் சாக்கைப் பார்த்ததும் ரிஸ்பாள் ஞாபகம் வந்தாள்.

2 சாமுவேல் 21. மூன்று வருஷப் பஞ்சம். சவுல் ராஜா கிபியோனியரைக் கொன்றதற்குப் பழியாக அவன் வம்சத்தில் ஏழு பேரை அவர்களிடம் கொடுத்து, மலையில் தூக்கில் போடுகிறார்கள். அதில் இருவர் ரிஸ்பாள் பெற்றவர்கள். அவள் சவுலின் மறுமனையாட்டி, கேட்க நாதியில்லாதவள். இரட்டுத் துணியைப் பாறைமேல் விரித்து உட்காருகிறாள். பகலில் பறவையும் ராத்திரியில் காட்டு மிருகமும் உடல்களைத் தொட விடவில்லை. வாற்கோதுமை அறுப்புத் தொடக்கத்திலிருந்து வானத்திலிருந்து மழை பெய்யும்வரை. ரூத் பெத்லகேமுக்கு வந்ததும் அதே அறுப்புத் தொடக்கத்தில்தான். அந்த நாட்டில் அது சித்திரை வாக்கில். பருவமழை ஐப்பசிக்கு மேல். அந்த மழைதான் என்றால் கிட்டத்தட்ட ஆறு மாதம்.

வேதத்தில் அவள் பேசினதாக ஒரு வார்த்தை இல்லை. அவள் செய்தது சவுலுக்குப் பின் வந்த ராஜா தாவீதின் காதுக்குப் போனது. அதன் பிறகுதான் ராஜா போய், சவுல், அவன் மகன் யோனத்தானின் எலும்புகளை எடுத்து வந்தார்; தூக்கில் போடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்க்கச் செய்தார்.

என் புருஷன் செத்த ராத்திரி என்னை மயக்கத்தில் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். பிணவறை வாசலில் விடியும்வரை உட்கார்ந்திருந்தது அத்தை. நாய் வந்தால் விரட்ட ஒரு குச்சி வைத்திருந்தாராம். இது எனக்கே ஒரு வருஷம் கழித்து யாரோ சொல்லித்தான் தெரியும். அவர் சொன்னதில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

திருவருகையின் முதல் ஞாயிறு. ரூத்தைப் பத்து நிமிஷம் பேசினேன். மீதி நேரம் ரிஸ்பாள். பலர் பக்கத்தைத் தேடிப் புரட்டினார்கள். செயலாளர் அக்கா முகம் கொஞ்சம் சுருங்கியது, அது போகட்டும். பிணவறையைச் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். அத்தையைக் கேட்காமல் அதை எடுக்க எனக்கு உரிமை இல்லை என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

சாப்பாட்டில் என் பங்கு வடையைத் தாளில் மடித்துக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனேன். அத்தை சாக்கில்தான் இருந்தார்.

"என்னா பேசின?"

பாறைமேல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவைப் பற்றி என்று சொல்லி, முழுக் கதையையும் சொன்னேன். வடையைப் பிட்டுக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு தரம் எழுந்து தட்டைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மழ வந்துச்சா?"

"வந்துச்சு, அத்தை."

"நனஞ்சிருப்பாளே" என்றார். பிறகு, நாளைக்கு அறுப்புக்கு ஆள் சொல்லியாச்சா என்று கேட்டார்.